அப்பா ஊர் நேரம்

அங்கரேஜ், அலாஸ்கா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

கோரா எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான். ஆஸ்பத்திரி வேலை இல்லாத வியாழக்கிழமைகளில் மேஜைமேல் குட்டி ரயில் ஓட்டும் சங்கத்துக்குப் போய்விடுகிறேன்.

போன வாரம் அங்கே ஒரு கூத்து. ஒரு நாள் ஓட்டத்தை நாலு மணி நேரத்தில் முடிப்பதற்காக, சங்கத்துச் சுவர்க்கடிகாரம் ஆறு மடங்கு வேகமாக ஓடும். வண்டிகளெல்லாம் அதைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். நானோ என் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரக்கு வண்டியை எடுத்துவிட்டேன். ஒற்றைத் தடத்தில் எதிரே பாசஞ்சர் வந்தது. இரண்டும் மோதித் தரையில் விழுந்தன.

“ஏம்மா கோரா, எந்த ஊர் நேரத்துல வண்டி ஓட்டுற?” என்றார் சங்கத்து லாய்ட்.

“எங்கப்பா ஊர் நேரத்துல!”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் நிஜம் அதுதான், அப்பா. நம் ஒஹையோவிலிருந்து வந்த நாள் முதல் இந்தக் கைக்கடிகாரத்தின் நேரத்தை நான் மாற்றவே இல்லை.

என் வண்டியின் கடைசிப் பெட்டி நொறுங்கிவிட்டது. நாம் சேர்ந்து வர்ணம் அடித்த சிவப்புக் கடைசிப் பெட்டியை அனுப்புங்கள். ஈர வர்ணத்தில் பதிந்த உங்கள் கட்டைவிரல் ரேகையைச் சுரண்டிவிடாதீர்கள்.

இங்கே மணி மூன்று, டியூட்டிக்கு ஓட வேண்டும். என் கையில் மணி ஏழு. சாப்பிடாமலே உங்கள் குட்டி ரயிலை ஓட்டக் கீழறைக்கு இறங்கியிருப்பீர்கள். மேலே வந்து சாப்பிடுங்கள், அப்பா.

கோரா