பன்னிரண்டரை ஆள்

அன்புள்ள பஞ்சாலைக்கு,

லிங்கியில் உன் அம்மா வீட்டில் நீயும் பிள்ளையும் சுகந்தானே? இங்கே மூன்று வேளையும் மரவள்ளிதான்.

நான் படித்த கல்லூரிப் படிப்பு இந்த ஜப்பான்காரன் காலத்தில் எதற்காவது உதவுகிறதா என்று கேட்டிருந்தாய். போன வாரம் உதவியது. சயாம் ரயில் வேலைக்கு நம் ரப்பர் தோட்டம் அறுபது பேரைத் தர வேண்டும் என்று உத்தரவு. மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் ஆள் தொகைப்படி பங்கு பிரிக்கத் தெரியாமல் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி என்னிடம் வந்தார். மேலே நாற்பத்தேழரை, கீழே பன்னிரண்டரை என்று வந்தது.

"அர ஆள எப்புடி வாத்தியாரே லோரியில ஏத்துறது?" என்றார்.

ஆள் கணக்கில் அரை வந்தால் முழுசாக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தர மூன்று வருஷம் பயிற்சி எடுத்தேனே, அங்கே அப்படித்தான் பழக்கினார்கள். இரண்டு அரையையும் முழுசாக்கிக் கொடுத்தேன். இந்தக் கணக்கைப் போட மாட்டேன் என்று சொல்ல அங்கே யாரும் பழக்கவில்லை.

லோரி போன பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். விடையைச் சரிபார்க்காத பிள்ளைகளை எத்தனை முறை பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன்!

உன் தம்பிக்கு நீ தைத்த சட்டை இன்னும் கொடியில் கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்ளக்கூட லோரிக்காரர்கள் அவனை விடவில்லை. கீழ் டிவிசனில் பதின்மூன்றாவதாக, கடைசியாக ஏறியவன் அவன்தான்.

நாற்பத்தெட்டும் பதின்மூன்றும் அறுபத்தொன்று, பஞ்சாலை. அவர்கள் கேட்டது அறுபது.

பிள்ளையின் அப்பா