இரண்டாவது கரண்டி

திருப்பரங்குன்றம்
10.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் நாலு இட்லி சாப்பிட்டேன். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, பால் பாக்கெட்டோடு வீடு திரும்பினேன். எம்.எஸ்ஸி. படித்தவள், நாற்பத்தாறு வயதில் திருட்டு இட்லி. சிரிக்காதே.

போனில் இதைச் சொல்ல முடியாது. மாமியார் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார்.

கல்யாணமான மறுநாள் அவர் இரண்டாவது கரண்டி சாதத்தோடு வந்தபோது, நம் வழக்கப்படி "போதும்" என்றேன். நம் வீட்டில் அது பேச்சுக்குச் சொல்வது. கையால் இலையை மறைத்தாலும் விரல் இடுக்கில் குழம்பை ஊற்றுவார்கள். இவரோ அப்படியே திரும்பிப் போய்விட்டார். இங்கே வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது மரியாதைக் குறைவு. அன்றிலிருந்து எனக்கு ஒரு கரண்டிதான். அரிசியும் அந்த அளவுக்குத்தான் வேகும். "எங்காத்து மாட்டுப்பொண்ணுக்குக் குருவி வயிறு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

கல்லூரியில் வேலை பார்த்தவரை கேன்டீன் இருந்தது. மாமனார் படுத்த படுக்கையான பிறகு வேலையையும் விட்டாயிற்று.

இனி எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் சிவராமிடம் சொன்னால் நேரே தன் அம்மாவிடம் போய்க் கேட்பார். 'இத்தனை வருஷமா உன்னைப் பட்டினி போட்டேனா' என்று அந்த அம்மா உடைந்துபோவார். எனக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரியெல்லாம் கால் பிடித்துவிட்டவர் அவர். கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ கேட்டிருப்பேன்.

அய்யா கண் காட்ட வரும் அன்று மதியம் இங்கே சாப்பிடச் சொல். இந்த வீட்டுக்கு அவர் ஏன் வருவதே இல்லை?

உன் அன்புத் தங்கை
சத்யப்ரியா

பரவை
14.6.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் லெட்டரப் படிச்சிட்டு நானும் உன் மச்சானும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் எனக்குச் சோறு எறங்கல. ஏண்டி, நீயா குருவி? நீ திங்கிற வேகத்தப் பாத்து நம்ம வீட்டுக் கோழியே ஒதுங்கி நிக்குமே!

அய்யா ஏன் வரலைன்னு கேட்டியே. உன் மறுவீட்டு விருந்துல அவரும் "போதும்மா"ன்னாராம். அதோட யாரும் கேக்கலையாம். பஸ் ஸ்டாண்டுல பரோட்டாவத் தின்னுட்டு வந்து, "பொண்ணு குடுத்த வீட்ல என் எலைக்கு மறுசோறு இல்ல தங்கம், நம்மள மட்டமா நெனைக்கிறாக"ன்னு கண்ணுல தண்ணி வச்சாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இம்புட்டு நாளும் நானும் அப்படித்தான் நெனச்சேன்.

வியாழக்கிழமை உன் மச்சான் கொண்டாந்து விடுவாரு. பக்கத்துலயே நில்லு. இன்னொருக்க அரை வயித்தோட எந்திரிச்சாருன்னா உன் வாசல மிதிக்க மாட்டாரு.

அக்கா
தங்கப்பொண்ணு

திருப்பரங்குன்றம்
20.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அய்யா வந்தார். மாமியார்தான் பரிமாறினார். முதல் கரண்டி முடிந்ததும், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றார்.

"போதும்மா."

மாமியார் திரும்பிவிட்டார். அய்யாவின் கை இலையை மடிக்கப் போனது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நான் மாமியாரிடமிருந்து கரண்டியை வாங்கி, "அதெல்லாம் முடியாது, சாப்பிடுங்கய்யா" என்று சாதத்தைத் தட்டினேன். கையை நீட்டி மறைத்தார். கை மேலேயே போட்டேன்.

"போதும் ஆத்தா! இது வயிறா, சாக்கா?" என்று திட்டிக்கொண்டே, போடப் போட அவ்வளவையும் சாப்பிட்டார். கிளம்பும்போது மாமியாரைப் பார்த்து, "அடுத்த மாசமும் வாரேன் தாயி" என்றார்.

அவர் போனதும் மாமியார் கேட்டார். "வேண்டாம்னவர அப்படிப் படுத்தலாமா சத்யா? பாவம், வயசானவர்."

"எங்க பக்கம் போதும்னா இன்னும் போடுன்னு அர்த்தம்மா."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்போ அன்னிக்கு நீ சொன்னது?"

எத்தனை வருடம் காத்திருந்த கேள்வி! அவர் முகத்தைப் பார்த்தேன். "எனக்கு நிஜமாவே போதும்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராத்திரி எனக்கு வழக்கம்போல ஒரு கரண்டி வைத்துவிட்டு, நிம்மதியாகப் படுக்கப் போனார்.

அய்யாவின் இலையில் அவ்வளவு உரிமையாகப் போட்ட கைதான், என் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

நாளைக்கு அரிசியை நான் அளக்கப் போகிறேன், ஒரு பிடி கூடுதலாக. காலையில் கடைக்குப் போனால் பால் மட்டும்தான் வாங்குவேன். மதியம் பசியோடு உட்கார்ந்து, அவர் கரண்டியோடு திரும்பும்போது கூப்பிடுவேன். அழுதால் அழட்டும். நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன், சாப்பிட்டுவிட்டு.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும் நாளைக்குச் சாப்பிட்ட பிறகுதான் தபாலில் போடுவேன்.

சத்யா