கிழக்கே சரிந்த வீடு

ஜனவரி 9, வெள்ளி

பாரிஸ் லா சப்பலில் இருக்கும் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, இன்று முழுக்கத் திரான்சி வீட்டின் தரைக்கடியில் மல்லாந்து கிடந்தேன். சமையலறைத் தரையைத் தாங்கும், கிழக்கே இறங்கிப்போன உத்தரத்தை ஜாக்கியால் மெல்ல மெல்ல உயர்த்தினேன். அவசரப்பட்டால் சுவர் பிளக்கும். நான் அவசரப்படவில்லை. மேலே மனைவி சுகந்தி நீர்மட்டக் கருவியைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காணும், நிப்பாட்டுங்கோ! நேராயிட்டுது!”

முட்டுக் கொடுத்துவிட்டு மேலே வந்து பார்த்தேன். குமிழி நடுவில் இல்லை. கிழக்குப் பக்கம் இன்னும் தாழ்வாகத்தான் இருந்தது.

“இதுவோ நேர்?”

“இந்த வீட்டுக்குக் குடிபூந்த அண்டைக்குப் பால் கிழக்கைதானே பொங்கி வழிஞ்சது? அதுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு குறையும் வரேல்லை. அந்தச் சரிவு கொஞ்சம் கிடக்கட்டும்.”

பால் கிழக்கே போனதற்குக் காரணம் இந்த உத்தரம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆனால் சரிந்த வீட்டில் நான் இருக்கமாட்டேன். நாளை அவள் கோயிலுக்குப் போனதும் மிச்சத்தையும் உயர்த்திவிடுவேன். அடுத்த கிழமை பொங்கல். அடுப்பின் மேற்குக் காலுக்குக் கீழே ஒரு மரச்சில்லு வைத்தால் போதும்.

பால் கிழக்கேதான் பொங்கும். அதற்கு நான் பொறுப்பு.