ஒற்றைக் கைப் பேடும் அவன் வைத்த கண்ணீர் அஞ்சலியும்

மாப்ளே,

நீ செய்த கேம் பேடுகளைக் கோர்ட்டில் இன்றைக்குத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். சாக்கைப் பிரித்ததும் கடை முழுக்க அரக்கு வாசனை. போலீஸ் முத்திரை வைத்த அரக்கு. அதற்கடியில் நீ பற்றவைத்த ஈயத்தின் வாசனை கொஞ்சமாவது இருக்குமா என்று மோந்து பார்த்தேன். எலிப்புழுக்கை வாசனைதான் வந்தது.

பொன்னமராவதிக்காரர் நம் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? கத்தாரில் மெஷினுக்கு வலது கையைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். மகனோடு உட்கார்ந்து வீடியோ கேம் ஆட வேண்டும், ஒரு கையால் பிடிக்கிற மாதிரி பேடு கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டார். கேம் மெஷின் கம்பெனி அப்படி எதுவும் செய்வதில்லை என்று நான் அனுப்பிவிடப் பார்த்தேன். நீ அவரை உட்கார வைத்து இடது கை விரல்களை அளந்துகொண்டாய். "ஒரு கை போனா வெளையாடக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு மாப்ளே?" என்றாய். சட்டம் அப்புறம்தான் வந்தது.

பேடு முழுக்க உன் கைவேலை. அதைப் பழகிப் பார்க்கச் சின்னதாக ஒரு கேமும் நீயே எழுதினாய், கட்டுமாவடியிலிருந்து படகை எடுத்துப்போய் மீனோடு கரை சேர்க்கிற கேம். வெளி ஆள் எழுதிய கேம் ஓடாதபடி கேம் மெஷினில் கம்பெனி ஒரு பூட்டு போட்டிருக்கும். உன் சொந்தக் காசில் வாங்கிய மெஷின்தானே என்று அந்தப் பூட்டைத் திறந்தாய்.

நாலு கடை தள்ளி இருந்தவனுக்கு அது பொறுக்கவில்லை. ஊருக்கே திருட்டு கேம் ஏற்றிக் கொடுத்துக் கல்லா கட்டியவன், கம்பெனி ஏஜென்சி கிடைத்ததும் பெரிய யோக்கியன் ஆகிவிட்டான். பேடு கம்பெனி சர்க்யூட்டின் காப்பி, பூட்டைத் திறந்தது திருட்டு கேம் ஓட்டத்தான் என்று புகார் கொடுத்து, போலீஸோடு அவனே நம் கடைக்குள் ஏறினான். வழக்கில் நீ முதல் எதிரி, நான் இரண்டாம் எதிரி. பேப்பரில் நம்மைத் திருட்டு கேம் கும்பல் என்று போட்டார்கள். நீ இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய். "ஜெயிலுன்னாக்கூடப் பரவால்ல மாப்ளே. காப்பியடிச்சவன்னுட்டானே" என்றாய். கேஸ் விசாரணைக்கு வருவதற்குள் உன் நெஞ்சு நின்றுபோனது. அவன்தான் கொன்றான். டாக்டர் வேறு ஏதாவது சொல்லட்டும்.

நம் வக்கீலம்மா நல்லெண்ணத்தில்தான் ஒரு வழி சொன்னார். "எல்லாத்தையும் அவரே செஞ்சாருன்னு சொல்லிருவோம்ங்க. எறந்தவருக்குத் தண்டனை இல்ல, நீங்களும் வெளிய வந்துரலாம்."

"நான் உள்ள போனாலும் போறேன்ங்க. அவன் காப்பியடிக்கலைன்னு கோர்ட்டு சொல்லணும்" என்றேன். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தப் படுபாவி என்ன செய்தான் தெரியுமா? நம் கடைவீதி வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. கடைக்காரன் ஒருவன் செத்தால் மற்றக் கடைக்காரர்கள் பிளெக்ஸ் வைத்தாக வேண்டும். வைக்காதவனை ஊர் சும்மா விடாது. அவனும் வைத்தான். எல்லாரையும்விடப் பெரிதாக வைத்தான். உன் படத்தைவிட அவன் படம் பெரிது. "ஒரு கையால் விளையாடும் பேடைத் தன் சொந்த மூளையால் உருவாக்கிய புதுகையின் மேதைக்குக் கண்ணீர் அஞ்சலி." கீழே அவன் கடைப் பெயர், போன் நம்பர். கிழித்துப் போடத்தான் போனேன். பாதி அவிழ்த்த கயிற்றோடு அதை இன்னொரு தடவை படித்தேன். திரும்பக் கட்டிவிட்டு, வீதியெல்லாம் தெரிகிற மாதிரி நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன்.

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்ற அவனிடம் வக்கீலம்மா அந்தப் போட்டோவை நீட்டினார்.

"இந்த பிளெக்ஸ் நீங்க வச்சதுதானே?"

"ஆமாங்க."

"இதுல எழுதியிருக்கது உண்மையா?"

"சாவுக்கு வைக்கிறதுங்க. நாலு நல்ல வார்த்தை போடுறது வழக்கம்."

"அப்ப செத்தவரப் பத்தி ஊரறியப் பொய் எழுதி வச்சீங்களா?"

திரும்பிப் பார்த்தான். நான் சொல்லி அனுப்பியதில் கடைவீதியே அன்றைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. "உண்மைதாங்க" என்றான். ஐயோ, அந்த முகத்தைப் பார்க்க நீ இல்லையே என்றுதான் அப்போது அழுகை வந்தது. பேடில் கம்பெனி சர்க்யூட் இல்லை, மெஷினில் உன் படகு கேமைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று பரிசோதித்தவரும் சொல்லிவிட்டார். தீர்ப்பில் உன் பெயருக்குப் பக்கத்தில் சொந்த வடிவமைப்பு என்று இருக்கிறது. வக்கீலம்மாவை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

நேற்று அவன் நம் கடைக்கே வந்தான். பேடுக்கு ஆட்கள் கேட்கிறார்களாம், அவன் கடையிலும் வைத்து விற்றுத் தருகிறானாம். "பழச விடுப்பா. செத்தவனுக்காக நாம எதுக்கு மொறச்சுக்கிட்டு?"

"தாரேன். இதத் திருட்டுன்னு சொன்னவன் நான்தான்னு ஒரு பிளெக்ஸ் அடிச்சு ஒங்கடை வாசல்ல கட்டு. ஒம்படமும் பெருசா இருக்கணும்" என்றேன். வந்த வழியே போய்விட்டான். பொய்ப் புகார் கொடுத்ததற்கு அவன் மேல் நானும் கேஸ் போட்டிருக்கிறேன். அவன் வாய்தாவுக்கு அலைய வேண்டும், இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழ வேண்டும்.

போதும் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். நீயும் அதைத்தான் சொல்வாய், தெரியும். அதைச் சொல்வதற்காகக் கனவில் மட்டும் வந்துவிடாதே, வந்தால் உன்னோடும் பேச மாட்டேன். இந்தக் கோபம் ஆறிவிட்டால், மாப்ளே, நீ செத்துப்போனது மட்டும்தான் என்னிடம் மிச்சமிருக்கும். அதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.