பதினொன்றில் ஆறு

மார்கழி 17, வியாழன்

பனி. ஒன்பது மணிக்குத்தான் வெயில். இவருக்கு மிளகுக் கஞ்சி, பாதிதான் இறங்கியது. தொண்டையில் சதை எடுத்து அனுப்பிய ரிப்போர்ட் திங்கட்கிழமை. அதுவரை பேசக் கூடாது என்று டாக்டர். தி.நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் புடவையை விரித்து விரித்துப் பேசிய தொண்டை. இப்போது காற்றுதான் வருகிறது.

மாடவீதியில் விழாப் பந்தலுக்குக் கம்பு இறக்கிவிட்டார்கள். பெரிய மேடை பெரிய வித்வான்களுக்கு. அக்கம்பக்கத்து ஆட்களுக்குப் பூங்காவில், ஆளுக்குப் பத்து நிமிஷம். எனக்கு சனி மதியம். பாரத்தில் ‘குருவின் பெயர்’ என்று ஒரு கட்டம். எனக்கு ஏது? சைதாப்பேட்டைக் கடையில் பதிவு பண்ணி வாங்கிய கேசட்தான். கோடு போட்டுவிட்டேன்.

கீழ் வீட்டு மாமி படிக்கட்டில் யாரிடமோ: “குருவே இல்லாம மைக் முன்னாடி நிக்கப் போறாளாம். தைரியந்தான்.” என் காதில் விழட்டும் என்றுதான்.

பிரதோஷம். நந்தி பக்கம் நெருங்க முடியவில்லை. தூணோரம் நின்றே வேண்டிக்கொண்டேன். ஊர் கேட்க, பதிகம் பதினொரு பாட்டும். ரிப்போர்ட் நல்லபடியாக வரணும். வேண்டுதலை வெளியே சொன்னால் போய்விடும். இவரிடமும் சொல்லவில்லை.

18, வெள்ளி

கேஸ் புக் பண்ண.
பச்சரிசி, வெல்லம், தேங்காய் 1 (களிக்கு).
இவர் மாத்திரை, வெள்ளை. இன்றோடு தீர்ந்தது.

மொட்டைமாடியில் காய்கிற துணிக்கு நடுவில் நின்று மூன்று தடவை பாடினேன். ஒன்பது நிமிஷம். பத்துக்குள் அடங்கும். இவர் காதுபடப் பாடக் கூச்சம். கல்யாணமான நாளாக நான் பாடி இவர் கேட்டதில்லை. காலை எட்டரைக்குக் கடைக்குப் போனால் இரவு பத்தரை. வேலையை விட்ட பிறகும், இவர் மத்தியானம் தூங்கும்போதுதான் பாடுவேன்.

வேண்டுதல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இதுவரை பதினான்கு. எல்லாம் செலுத்தியாயிற்று, எதிரே டிக் இருக்கிறது. இது பதினைந்து.

19, சனி

திருவாதிரை. களி குழைந்துவிட்டது.

மூன்று மணிக்குப் பூங்கா. தூசி ஆகாது என்று இவரை வர வேண்டாம் என்றேன். கையசைத்தார், போய் வா என்று. சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் மேடை. ஒரு பக்கம் பல்லாங்குழிப் போட்டி. அறிவிக்கிற பெண் என் பேரைச் செண்பகவல்லி என்றாள். செண்பகம் மட்டும்தான். இருக்கட்டும்.

கண்ணை மூடித்தான் பாடினேன். நன்றாகவே வந்தது. ஆறு வரைக்கும்.

கேசட்டில் இதற்கு முன்னால் வேறு பதிகங்கள்; இதில் ஆறாவது பாட்டோடு ஒரு பக்கம் தீர்ந்துவிடும். எடுத்துத் திருப்பிப் போட்டால்தான் ஏழு. அப்படியே கற்றதால் ஆறு முடிந்ததும் வாய் தானாக நிற்கும், கேசட் திருப்புகிற நேரத்துக்கு. எப்போதும் உள்ளதுதான். யாராவது கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பார்கள்.

இன்றும் நின்றது. பின்னால் எங்கோ ஒரு கைதட்டல். அப்புறம் எல்லோரும். கண்ணைத் திறந்தால் அந்தப் பெண் மைக்கை வாங்கிக்கொண்டிருக்கிறாள். “சூப்பர் ஆன்ட்டி. ஷார்ட் அண்ட் ஸ்வீட்.” சிலம்பக்காரர்கள் மேடை ஏறிவிட்டார்கள். இன்னும் ஐந்து இருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. சிரித்துவிட்டு இறங்கினேன். சிரித்தேன், அதுதான்.

பாடுகிறவர்களுக்கு என்ன பலன் என்று பதினொன்றாவதில்தான் வரும்.

வீட்டில் இவர் படுத்திருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. களி பிடித்திருக்கும்.

20, ஞாயிறு

பால் இரண்டு பாக்கெட்.

காலையிலேயே விழா மேஜைக்குப் போய் நின்றேன். அதே பெண். ஐந்து நிமிஷம் போதும், மேடைகூட வேண்டாம், மைக் மட்டும் என்றேன். நல்ல பெண்தான், எழுந்து நாற்காலி கொடுத்தாள். “ஷெட்யூல் ஃபுல், ஆன்ட்டி. அடுத்த வருஷம் ஃபர்ஸ்ட் ஸ்லாட் உங்களுக்குத்தான்.”

அடுத்த வருஷம்.

குளத்தோரம் நின்று மிச்சம் ஐந்தையும் பாடினேன். ஒலிபெருக்கியில் யாருடைய தவிலோ. என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை. பூக்கார அம்மா: “இன்னாம்மா, சாமி வந்துச்சா? தள்ளி நில்லு, பூவ மிதிச்சிகினு கீற.”

நோட்டில் டிக் போடவில்லை. ஊர் கேட்க என்பது வேண்டுதல். கேட்டது யார்?

21, திங்கள்

மேகமூட்டம். அடையாறு ஆஸ்பத்திரி, டோக்கன் 31. பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, பேப்பரைப் பார்த்துப் பேசினார். அதிலேயே தெரிந்துவிட்டது. அதுதான். பரவியும் இருக்கிறது. ரேடியேஷன் ஆரம்பிக்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்றார். ஆரம்பிக்க வேண்டியதை வரிசையாக எழுதிக்கொண்டேன்.

ஆட்டோவில் இவர் என் முழங்கையைத் தொட்டார். பேசாதீங்க என்றேன். கேட்கவில்லை. காதோடு வாய் வைத்து, காற்றாக: “சனிக்கிழமை நான் வந்தேம்லா. கேட் பக்கம் நின்னேன். நீ ஏசுவேன்னு சொல்லலை.”

ரிப்போர்ட் கவரை மடியில் திருப்பி வைத்தேன்.

“நீ பாடி முடிச்சதும் ஒருத்தனும் தட்டலை, சும்மா நிக்கானுவ. எனக்குப் பொறுக்கலை. நாந்தான் மொதல்ல தட்டினேன்.”

முழுசும் கேட்டீங்களா என்றேன்.

“முழுசும் கேட்டேன்.”

சரி என்றேன்.