வாலுள்ள வினைகளும் வாயில் வராத பெயரும்

1936 ஒக்டோபர் 3, சனி
சே. ம.

காலையிலிருந்து மழை. துவைத்த சேலை ஒன்றும் காயவில்லை. அடுப்படிக் கொடியில் தொங்கி எல்லாவற்றிலும் புகை மணம். திங்கட்கிழமை கருவாட்டு வாசத்தோடுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

பள்ளிக்கூட மனேஜர் சுவாமி நேற்றுக் கூப்பிட்டுச் சொன்னதை இன்றைக்குத்தான் எழுத மனம் வந்தது. ஜனவரியில் எனக்கு மாற்றம். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கேயே தங்க வேண்டும். இவர் கண்டி ரயில் குட்ஷெட்டில் கிளார்க், வேலையை விட்டு வர முடியாது. கலியாணம் முடிந்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. இவர் ஒரு மலையில், நான் ஒரு மலையில்.

தப்ப ஒரு வழி உண்டாம். கண்டியிலேயே கன்னியர் நடத்தும் பெண் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு இங்கிலீஷ் ரீச்சர் வேண்டும். நவம்பர் இங்கிலீஷ் சோதனையில் பாஸ் பண்ணினால் அந்த இடம் எனக்கு. எழுத்து ஒரு நாள். வாய்ச்சோதனை ஒரு நாள், துரைமாருக்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். நினைத்தாலே பயம். ஆனால் ஆசையாகவும் இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். பாண் துண்டைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே, "எழுது," என்றார். அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்தார். கோட்டுக்குள் ஒரு பழைய இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம், மார்க்கெட் பக்கம் வாங்கியது. அட்டை இல்லை. ஆள் நனைந்திருந்தார், புத்தகம் நனையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துவாய் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

இந்தப் பக்கத்தின் தலையில் ஏன் இரண்டே எழுத்து என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். திருக்குடும்பத்தின் மூன்று பெயருக்கும் முதலெழுத்துப் போட்டுத்தான் எதையும் எழுதத் தொடங்க வேண்டும் என்று சிஸ்டர்மார் பழக்கியிருந்தார்கள். சேசு, மரி, அப்புறம் மரியின் புருஷன். கலியாணத்துக்குப் பிறகு இரண்டோடு நிறுத்திவிட்டேன். மூன்றாவது இவர் பெயர். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது இவரைப் பெற்ற மாமியின் கணக்கு. மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் பயம் பயம்தானே.

6, செவ்வாய்
சே. ம.

வெயில். சேலை காய்ந்தது. புகை மணம் போகவில்லை.

புத்தகத்தில் ஒரு பக்கம் கண்டுபிடித்தேன். தூக்கம் போய்விட்டது. ‘புட்’ என்றால் வை. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதன் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டினால் ஆளே மாறிப்போகிறது.

புட் ஒன் – போட்டுக்கொள். (இவர், கோட்டு.)
புட் அவுட் – அணை. (லாம்பு.)
புட் ஒஃப் – தள்ளிப்போடு. (இவர், கூரை ஒழுக்கு.)
புட் அப் வித் – பொறுத்துக்கொள். இதற்கு இரண்டு வால். (மாமி.)

வாலுள்ள வினைகள் என்று பெயர் வைத்திருக்கிறேன். பக்கம் முழுக்க வால். அதற்கு அடுத்த பக்கமும் வால்.

பரமேஸ்வரி ரீச்சரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரி, எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுப்பவள், அவளும் இந்தச் சோதனை எழுதுகிறாள், இரண்டாம் முறை. "ஓம், இதைத்தான் கேக்கிறவை. போன முறை நான் இதிலதான் விழுந்தனான்," என்றாள். என்னவோ கிணற்றைக் காட்டுவது போல அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

மாமி காதில் விழுந்திருக்கிறது நான் படிப்பது. "ஒரு சொல்லுக்கு எத்தன வாலு? கொரங்குக்கே ஒன்னுதான்."

11, ஞாயிறு
சே. ம.

பூசை. புனிதர்களான அர்ச்சிஷ்டவர்களை வரிசையாகக் கூப்பிடும் பிரார்த்தனையில் அந்தப் பெயர் வரும்போது வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன். மாமி ஓரக்கண்ணால் பார்த்தார். வழக்கம்போல. வெள்ளிக்கிழமை ஞானோபதேச வகுப்பிலும் இதே பாடு. குழந்தை சேசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய கதை. அந்தப் பெயர் வரும் இடத்திலெல்லாம், "யாரு சொல்லுங்க பாப்போம்?" என்று பிள்ளைகளைக் கேட்டுத் தப்பித்தேன். நான் நல்ல ரீச்சர் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

பெரிய விஷயம்: வால்களைப் பிடிக்க வழி கிடைத்துவிட்டது. மனப்பாடம் பண்ணினால் நிற்பதில்லை. ஆளோடு சேர்த்துப் பார்த்தால் நிற்கிறது. மாமி இருந்த இடத்தில் இருப்பவர், அவருக்கு வினை குறைவு. இவரோ காலையிலிருந்து ஓட்டம். இவர் மேலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன்.

கெட் அப். எழும்புகிறார்.
புட் ஒன். கோட்டு.
செட் ஒஃப். புறப்படுகிறார்.
லுக் பெக். சந்தி திரும்பும்போது ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். தினமும். இதைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்.
கம் பெக். டேக் ஒஃப். சிட் டவுன்.

நேற்றுக் காலை ஜன்னலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "என்னா, எனக்கு மந்திரம் போடுறியா?" என்றார்.

"ஒங்களத்தாங்க படிக்கிறேன்," என்றேன்.

காது சிவந்துவிட்டது அவருக்கு. சிரிக்காமல் போனார். சந்தியில் அன்றைக்கு இரண்டுதரம் திரும்பிப் பார்த்தார்.

22, வியாழன்
சே. ம.

அடைமழை. மாத்தளை ரயில் பிந்தியதாம், இவரும் பிந்தி வந்தார்.

இன்றைக்கு எல்லாம் போச்சு. ‘கிவ்’ என்ற வினை. கிவ் அப், கிவ் இன், கிவ் அவுட், கிவ் அவே. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது. இவர் எதையும் விட்டுக்கொடுப்பவருமில்லை, கைவிடுபவருமில்லை, இவரை வைத்தும் படிக்க முடியவில்லை. புத்தகத்தை வீசினேன். அலுமாரியில் பட்டு விழுந்தது.

மாமி எடுத்துத் தட்டி, கண்ணில் ஒற்றி, என் மடியில் வைத்தார். ஒரு வசவை எதிர்பார்த்தேன்.

"படி, ரோசம்மா. நீ அங்கிட்டு போயிட்டா அவன் திங்கமாட்டான். எனக்குத் தெரியும்."

இவ்வளவு நாளாகப் புட் அப் வித் என்றதும் மாமியை எழுதி வைத்திருந்தேன். கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மழை.

நவம்பர் 7, சனி
சே. ம.

எழுத்துச் சோதனை முடிந்தது. முடிந்தது. முடிந்தது.

வால்களுக்குத் தனிக் கேள்வி. விட்ட இடத்தை நிரப்பச் சொல்லி. வாசிக்க வாசிக்க இவர் கண்முன்னே கோட்டுப் போட்டார், புறப்பட்டார், திரும்பிப் பார்த்தார். சோதனைச் சாலையில் நான் சிரித்ததை மேற்பார்வைக்காரர் பார்த்துவிட்டார். ‘கிவ்’ ஒன்று மட்டும் சந்தேகம். பரமேஸ்வரி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், கை குளிர்ந்து கிடந்தது. "எழுதிப்போட்டன். இனி கடவுள் விட்ட வழி."

குளக்கட்டு வழியே நடந்து போய் இருவரும் தேத்தண்ணீர் குடித்தோம். எனக்கு ஓடவேண்டும் போலிருந்தது. சேலை கட்டிய ரீச்சர்மார் குளக்கட்டில் ஓடக்கூடாது.

14, சனி
சே. ம.

வாய்ச்சோதனை. ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

மேசைக்குப் பின்னால் ஒரு துரை, பக்கத்தில் ஒரு துரைசாணி. எனக்கு உட்கார ஒரு கதிரை. உன் பெயர் என்ன என்றார் துரை. சொன்னேன். வீடு எங்கே. மஹய்யாவ என்றேன். கலியாணம் ஆகிவிட்டதா. ஆம் ஸார்.

உன் புருஷன் பெயர் என்ன?

படித்ததில் இது இல்லை. பரமேஸ்வரியும் சொல்லித் தரவில்லை, அவளுக்குக் கலியாணம் ஆகவில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது, பிரார்த்தனையில் மூடிக்கொள்ளுமே, அதே மாதிரி. துரை எனக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்தார். மெதுவாகக் கேட்டார். பிறகு சத்தமாக. துரைசாணி தன் மோதிரத்தைத் தொட்டுக் காட்டி, "ஹஸ்பண்ட்? நேம்?" என்றாள். துரை பென்சிலை எடுத்தார். அந்தப் பென்சில் தாளில் படப்போவதைப் பார்க்கிறேன். அது பட்டால் நான் பூண்டுலோயாவில். பெயரைச் சொல்லிவிட்டால் என்ன? ஒரு சொல் தானே. சொல்ல முடியவில்லை. ஆயுசு பற்றிய பயமா பழக்கமா என்று இப்போதும் தெரியவில்லை. மழையில் கோட்டுக்குள் புத்தகத்தோடு வந்து நின்றாரே, அந்த ஆளின் உயிரை ஒரு வேலைக்காகப் பணயம் வைப்பதா?

எங்கள் வழக்கத்தில் சொல்லக்கூடாது என்று இங்கிலீஷில் சொல்லலாம். வழக்கத்துக்கு இங்கிலீஷ் என்ன? வரவில்லை. வந்ததெல்லாம் வால்தான்.

ஸார், பைபிளில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று தொடங்கினேன். தச்சுவேலை செய்பவர். தேவதூதர் கனவில் வந்தார். ஹி கொட் அப். எழும்பினார். தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, ஹி செட் ஒஃப். தே ரான் அவே, எகிப்துக்கு. கெட்ட ராசா செத்ததும் தே கேம் பெக். நாசரேத்தில் தே செட்டில்ட் டவுன். ஹி லுக்ட் ஆஃப்டர் த மதர். ஹி ப்ரோட் அப் த சைல்ட். அந்த மனிதரின் பெயர்தான் ஸார், என் புருஷனின் பெயர்.

மூச்சு விடாமல் சொன்னேன். துரை பென்சிலைக் கீழே வைத்தார். துரைசாணிதான் முதலில் சொன்னாள், "ஜோசப்?"

தமிழில் வேறு எழுத்தில் தொடங்கினாலும் பெயர் அதுதான். தலையை ஆட்டினேன். ஆம் என்கிறாயா இல்லை என்கிறாயா என்று துரை கேட்டார். நம் தலையாட்டு அவருக்கு விளங்கவில்லை. "யெஸ் ஸார்."

நேரே சொன்னால் என்னவாம் என்றார். அவருடைய வருஷங்கள் ரன் அவுட் ஆகிவிடும் ஸார், தீர்ந்துபோகும் என்றேன். துரைசாணி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். துரை சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். ஏதோ எழுதினார். போகலாம் என்றார். அவ்வளவுதான். நல்லதா கெட்டதா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே பரமேஸ்வரி. சொன்னதும் மதிலில் சாய்ந்து சிரித்தாள். "பேர் கேட்டதுக்கு வேதாகமமோ சொன்னனீர்?" பிறகு சிரிப்பை நிறுத்தி, "கேட்டதுக்கு மறுமொழி சொல்லேல்லை எண்டு புள்ளியை வெட்டினாலும் வெட்டுவினம்," என்றாள். நல்ல மனசு, ஆனால் வாயில் உண்மை கொஞ்சம் அதிகம்.

15, ஞாயிறு
சே. ம.

மாமிக்குச் சோதனை ஒரு பொருட்டேயில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம், "தொரை நேருக்கு நேரா கேட்டும் எம் மருமக புருஷன் பேரச் சொல்லலியே," என்று பெருமை. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

இவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "ரன் அவேன்னு என்னத்துக்கு சொன்ன? நான் எங்க ஓடுனேன்?" என்றார்.

"நீங்க இல்லீங்க. அர்ச்சிஷ்டவரு."

"அவரு பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத்தான் ஓடினாரு." துவாயில் கையைத் துடைத்தார். "பாஸாகலன்னா நானும் ஓடி வந்துருவேன், பூண்டுலோயாவுக்கு. வேலை கெடக்கட்டும்."

இதுவரை இவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு. பிறகு ஏணியை எடுத்துப் போய்க் கூரை ஒழுக்கை அடைத்தார். புட் ஒஃப் முடிந்தது.

டிசம்பர் 8, செவ்வாய்
சே. ம.

மாதாவின் திருநாள். காலையில் பனி, எதிர் வீடு தெரியவில்லை.

பூசை முடிந்து மனேஜர் சுவாமி கையைக் காட்டிக் கூப்பிட்டார். பாஸ். நான் பாஸ். வாய்ச்சோதனையில் எனக்குத்தான் எல்லாரிலும் கூடப் புள்ளியாம். "என்ன சொன்னாய் அங்கே?" என்றார் சுவாமி. நான் மாமியைப் பார்த்தேன். மாமி மாதா சுரூபத்தைப் பார்த்தார். பரமேஸ்வரியும் பாஸ்.

பூண்டுலோயா இல்லை. கண்டி. இந்த வீடு, இந்த ஜன்னல், சந்தியில் திரும்பிப் பார்க்கும் அந்தக் கோட்டு. குட்ஷெட்டுக்கே நேரே நடந்துபோய்ச் சொன்னேன். மூட்டைகளுக்கு நடுவே நின்று கேட்டார். பக்கத்தில் ஆட்கள், ஒன்றும் பேச முடியாது. கோட்டைக் கழற்றினார், திரும்பப் போட்டார். டேக் ஒஃப், புட் ஒன். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

1937 ஜனவரி 11, திங்கள்
சே. ம. சூ.

புதுப் பள்ளிக்கூடம். நல்ல வெயில். நீலக்கரைச் சேலை, புகை மணம் இல்லாதது.

தலைமைக் கன்னியரான மதர் என்னை வகுப்புக்குக் கூட்டிப்போனார். இங்கே ரீச்சர்மாரைப் புருஷன் பெயரால்தான் கூப்பிடுவார்களாம், மிஸிஸ் இன்னார் என்று. எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. உன் பெயரைப் பிள்ளைகளுக்கு நீயே சொல் என்று சொல்லிவிட்டு மதர் கதவோரம் நின்றார். குட்டிப் பிள்ளைகள், எல்லாம் நிமிர்ந்து என் வாயைப் பார்க்கின்றன. துரையின் பென்சில் திரும்ப வந்து நிற்பது போல ஆயிற்று. வாய் மூடிக்கொண்டது.

சுண்ணக்கட்டி கையில் இருந்தது. எழுதுவது சொல்வது ஆகாது. திரும்பிப் பலகையில் பெரிதாக எழுதினேன். மிஸிஸ் ஜோசப்.

வாசியுங்கள் என்றேன். அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் வாசித்தார்கள். கூரையில் பட்டுத் திரும்பியது.

இன்னொருதரம் வாசிக்கச் சொன்னேன்.