சாகாத நாற்பது செடிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

லண்டன் செவன் கிங்ஸ் ஸ்டேஷனிலிருந்து கம்சிகா. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறாவா?

என் வேலை என்னவென்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் வறண்ட புதர்வெளியில் ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளைக் குறித்து, அதில் ஒவ்வொரு செடியும் நிற்கும் இடத்தைத் தொண்ணூறு வருடங்களுக்கு முன்பு ஆண்டுதோறும் வரைந்திருக்கிறார்கள். அந்த வரைபடங்களைக் கணினியில் ஏற்றி, எந்தச் செடி எத்தனை வருடம் வாழ்ந்தது என்று நான் பார்க்கிறேன்.

ஒரு துண்டில் நாற்பது செடிகளும் ஒரே வருடத்தில் செத்ததாகப் பதிந்திருந்தேன். என் பேராசிரியர் வேதவல்லி அதை வைத்தே ஒரு பெரிய கூட்டத்தில் பேச இருந்தார். கூட்டத்துக்கு முதல் நாள்தான் பிழையைக் கண்டேன். அந்த வருடம் புதிதாக வரைய வந்தவர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பழைய இடங்களில் ஒரு செடியும் தெரியாததால் எல்லாம் செத்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தோடுதான் போய்ச் சொன்னேன்.

"மேடம், அதுகள் ஒண்டும் சாகேல்லை. நான்தான் பிழை விட்டிட்டன்."

அவர் மதுரைக்காரர். படத்தைத் திருப்பிப் பார்த்தார். "நாப்பதும் உயிரோட இருக்குன்னு சொல்றே. அதுக்கு ஏம்மா அழறே?" என்றார். பேச்சையே மாற்றி எழுதினார். நான் பெரிதாக அழவில்லை, அப்பா.

அடுத்து அனுப்பும் பார்சலில் பருத்தித்துறை வடை கொஞ்சம் வையுங்கள். வாட்ஸ்அப்பில் "சுகம்" என்று மட்டும் எழுதாமல் பேசி அனுப்புங்கள். பேச ஒன்றுமில்லாவிட்டால் அன்றைய பேப்பரை வாசித்து அனுப்பினாலும் போதும்.

ரயில் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கம்சிகா